அழுகை எப்படிப் பாட்டாகிறது?

ஆந்திரத்தின் பலமனேரிலிருந்து கிழக்கே மொகிலிக் கணவாய் இறங்கினால் சித்தூர். மேற்கே போனால் முளபாகல், கர்நாடகம். தெற்கே குடியாத்தம், தமிழ்நாடு. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இந்தப் பகுதி வட ஆர்க்காட்டோடு இருந்தது. தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் புழங்கும் மண் இது. சித்தூர் மாவட்டத்தின் தர்மராஜா கோயில்களிலும் திரௌபதி கோயில்களிலும் பாரதத் திருவிழா நடக்கிறது. பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து. கடைசிக் கட்டத்தில் துரியோதனன் படுகளம். மண்ணால் செய்த மாபெரும் உருவம் மல்லாந்து கிடக்கும். பீமன் வேடக்காரர் அதன் தொடையில் அடிப்பார். திரௌபதி கூந்தலை முடிப்பாள்.

சபதம் நிறைவேறியதும் கதை முடிந்திருக்கலாம். முடிவதில்லை. செத்தவனுக்காக ஒருத்தி அழ வேண்டும். தமிழகக் கூத்தில் காந்தாரியோ, துரியோதனன் மனைவி பெருந்திருவாளோ வந்து அழுகிறார்கள். இத்தனை இரவுகளாக யாரைத் தீயவன் என்று கதை சொன்னார்களோ, அவனுக்கும் ஒப்பாரி உண்டு. சுற்றி நிற்கும் பெண்களின் கண்களும் நிறைகின்றன. அவர்கள் துரியோதனனுக்காகவா அழுகிறார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், மனிதக் குரல், மூச்சு, மூளை, கூட்டம் எல்லாவற்றுக்குள்ளும் போய்வர வேண்டியிருக்கும்.

அதற்கு முன், பூமியின் மறுபக்கத்தில் பதிவான ஒரு பாடல் தொகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஃபில் எல்வரம், ‘மவுண்ட் ஈரி’ என்ற பெயரில் பாடுபவர். 2016 ஜூலையில் அவர் மனைவி, ஓவியரும் இசைக்கலைஞருமான ஜெனவியேவ் கஸ்த்ரே, கணையப் புற்றுநோயால் இறந்தார். கைக்குழந்தையோடு தனித்து நின்ற எல்வரம், மனைவி உயிர்விட்ட அதே அறையில் உட்கார்ந்து, பெரும்பாலும் அவருடைய இசைக்கருவிகளையே எடுத்து, பாட்டுகளைப் பதிவு செய்தார். 2017இல் ‘எ க்ரோ லுக்ட் அட் மீ’ வெளிவந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு சுஃப்யான் ஸ்டீவன்ஸ், 2012இல் இறந்த தன் தாயை நினைத்து ‘கேரி அண்ட் லோவெல்’ என்ற தொகுப்பைத் தந்திருந்தார். இரண்டிலும் கிதாரின் மெல்லிய மீட்டலுக்கு மேல், காதருகே பேசுவது போன்ற குரல்தான் கேட்கும்.

அங்கே ஒருவர் தனியறையில் முணுமுணுக்கிறார். இங்கே இழவு வீட்டுப் பந்தலில் பத்துப் பெண்கள் தெருவே கேட்க அழுகிறார்கள். இழப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். குரல் மட்டும் ஏன் இவ்வளவு வேறாக இருக்கிறது?

தொண்டைக்குள் நடப்பது

அழுகை முட்டும்போது தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது போல் இருக்கும். அங்கே எதுவும் அடைத்திருக்காது. உடல் நெருக்கடியில் இருக்கிறது என்று கணக்கிடும் நரம்பு மண்டலம், அதிகக் காற்று உள்ளே போவதற்காகக் குரல்வளையின் வாயைத் திறந்தே வைக்கப் பார்க்கிறது. எச்சில் விழுங்கும்போது அதே வாய் மூடியாக வேண்டும். திறக்கச் சொல்லும் விசைக்கும் மூடச் சொல்லும் விசைக்கும் நடுவில் தசைகள் இழுபடுவதைத்தான் நாம் ‘தொண்டை அடைக்கிறது’ என்கிறோம்.

அந்த நிலையில் பேச முயன்றால் குரல் தன் வசத்தில் நிற்காது. சாதாரணப் பேச்சில் ஒரு பெண்ணின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை சீராக அதிர்கின்றன. அழுகையில் அந்தச் சீர் குலைகிறது. நாண்கள் இறுகி ஒரு கணம் குரல் உச்சிக்குத் தாவும், மறுகணம் தளர்ந்து கரகரக்கும், நடுவில் வெட்டுப்படும்.

மானிடவியலாளர் கிரெக் அர்பன் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே கைகொடுக்கிறது. பிரேசில் நாட்டுப் பழங்குடிகளின் சாவு அழுகையைப் பதிவு செய்து ஆராய்ந்த அவர், அழுகைக்கே உரிய நான்கு ஒலிக்கூறுகளைப் பிரித்துக் காட்டினார். குரல் திடீரென்று உடைவது, மூச்சை உள்ளே இழுக்கும்போதே ஒலி எழுவது, கரகரத்த அடிக்குரல், கள்ளக்குரலில் மேலேறும் உயிரெழுத்து ஓசை. இழவு வீட்டில் ஒரு முறையேனும் நின்றவர்களுக்கு இந்த நான்கும் தெரிந்தவைதான். “என்னப் பெத்த அம்மா” என்று தொடங்கும் ஒரு விளியிலேயே நான்கையும் கேட்டுவிடலாம். நெஞ்சிலிருந்து மேலே வீசப்படும் குரல், படிப்படியாக இறங்கி, கடைசி அசையில் கரைந்து, அடுத்த மூச்சை விம்மலோடு இழுக்கும்.

ஒப்பாரியின் முதல் வியப்பு இதுதான். அழுகையின் உடல் அடையாளங்களை அது மறைப்பதில்லை. விம்மலை இசையின் ஓர் உறுப்பாகவே எடுத்துக்கொள்கிறது. உடைகிற குரல் மற்ற இசையில் பிழையாகலாம், ஒப்பாரியில் அதுதான் சுருதி.

தமிழ்ப் பேச்சும் கர்நாடக இசையும்

ராகம் கேட்டு மனம் கனப்பதற்கும் பேச்சுக்கும் தொடர்பு உண்டா? பாட்ரிக் ஜஸ்லின், பெட்ரி லௌக்கா என்ற உளவியலாளர்கள் 2003இல் குரல் பற்றிய 104 ஆய்வுகளையும் இசை பற்றிய 41 ஆய்வுகளையும் சேர்த்து ஒப்பிட்டார்கள். வருத்தத்தில் இருப்பவர் பேசும்போது வேகம் குறைகிறது, ஓசை தாழ்கிறது, சுருதி இறங்குகிறது, குரலின் கூர்மை மழுங்குகிறது. சோகமான இசையிலும் இதே மாற்றங்கள்தான் நடக்கின்றன.

2012இல் டேனியல் பௌலிங், ஜனனி சுந்தரராஜன் உள்ளிட்டோர் இந்தக் கேள்வியை நம் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் கர்நாடக ராகங்களும் தமிழர் பேச்சும், மறுபக்கம் மேற்கத்திய இசையும் ஆங்கிலப் பேச்சும். மகிழ்ச்சியோ உற்சாகமோ தரும் இசையில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவும் தூரம் பெரிதாக இருந்தது. துயரம் தரும் இசையில் சிறிதாக இருந்தது. இரண்டு மொழியினரின் பேச்சிலும் இதே வேறுபாடு தென்பட்டது. மகிழ்ந்தவர் குரல் துள்ளுகிறது, வருந்துபவர் குரல் பக்கத்துப் படியிலேயே கால் வைக்கிறது. அழுகைக்கு முகாரி என்று ஊரே சொல்லும் வழக்கு எப்படி வந்தது என்பது தனிக் கதை. ஆனால் எந்த ராகத்தையும் சோகமாக்கும் வித்தை, நாம் பள்ளிக்கூடம் போகும் முன்பே அம்மாவின் பேச்சில் கேட்டுப் பழகிய வித்தை.

இரண்டு விதமான வருத்தம்

இசை உளவியலாளர் டேவிட் ஹியூரன் இந்த இடத்தில் ஒரு கோடு கிழிக்கிறார். வருத்தம் என்று நாம் ஒட்டுமொத்தமாகச் சொல்வதற்குள் உடலின் இரண்டு தனி நிலைகள் இருக்கின்றன என்பது அவர் வாதம்.

ஒன்று அடங்கிய சோகம். இதயத் துடிப்பு மெதுவாகும், உடல் சோரும், பேச்சு குறையும், மனம் உள்ளே திரும்பி நடந்ததையே அசைபோடும். ஆற்றலைச் செலவழிக்காமல் ஒதுங்கி யோசிக்கும் நிலை இது. மற்றவருக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை. மற்றது வெடிக்கும் துக்கம். நெஞ்சு படபடக்கும், முகம் சிவக்கும், கண்ணீர் வழியும், குரல் உயரும். உடல் ஏராளமான ஆற்றலைக் கொட்டுகிறது. இவ்வளவு செலவு செய்து உடல் சாதிப்பது என்ன? சுற்றியிருப்பவர்களை அழைப்பது. என்னால் தனியாக முடியவில்லை, வாருங்கள் என்ற செய்தியை வேறு எப்படிச் சொன்னாலும் இவ்வளவு விரைவாகப் போய்ச் சேராது.

துக்கத்தில் இருப்பவர் இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில் மாறி மாறிப் போய்வருகிறார். கிதாரோடு முணுமுணுக்கும் தொகுப்பு முதல் நிலையின் இசை, ஒப்பாரி இரண்டாம் நிலையின் இசை. ஆகவேதான் ஒன்று அறையைத் தேடுகிறது, மற்றது தெருவைத் தேடுகிறது. நம் முன்னோர் இதைக் கவனித்திருந்தார்கள். தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகை இரண்டாவது. மெய்யில் பட்டுப் பிறர் கண்ணுக்குத் தெரிவதையே மெய்ப்பாடு என்றார்கள். அழுகை பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்றாக இழவையும் வைத்தார்கள்.

சோக இசை ஏன் இதமாக இருக்கிறது என்பதற்கு ஹியூரன் 2011இல் ஒரு விடையும் முன்வைத்தார். தாய்ப்பால் சுரப்போடு தொடர்புடைய புரோலாக்டின் என்ற ஹார்மோன் அழும்போது சுரந்து மனதைத் தேற்றுகிறது, சோக இசை உண்மையான இழப்பு இல்லாமலே அந்தத் தேறுதலை வரவழைக்கிறது என்றார். கேட்க அழகான கருத்து. பத்து ஆண்டு கழித்து டுவோமஸ் எரோலாவும் உடன் ஆய்வாளர்களும் ரத்தத்தில் அளந்து பார்த்தபோது முடிவு வேறாக வந்தது. பிறர் துன்பம் கண்டு எளிதில் உருகும் மனம் உள்ளவர்களிடம், சோக இசை கேட்டபின் புரோலாக்டின் குறைந்திருந்தது. விடை இன்னும் முழுசாகக் கைக்கு வரவில்லை. உருகும் மனம் உள்ளவர்களையே சோக இசை ஆழமாகத் தொடுகிறது என்பது மட்டும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

பிரிவின் கூப்பாடு

தாயைப் பிரிந்த கோழிக்குஞ்சு கத்தும். நாய்க்குட்டி ஊளையிடும். நரம்பியலாளர் யாக் பாங்க்செப் 1970களின் பிற்பகுதியில் இந்தக் கத்தலை ஆராய்ந்தார். மிகச் சிறிய அளவில் மார்ஃபின் கொடுத்தபோது குட்டிகளின் கத்தல் அடங்கியது. உடல் வலியை ஆற்றும் அதே வேதிப்பொருள் பிரிவின் வலியையும் ஆற்றுகிறது. அப்படியானால் பிரிவை வலி என்று சொல்வது உடலின் கணக்குப்படியும் சரிதான். பின்னாளில் அவரே, இசை கேட்கும்போது மேனி சிலிர்ப்பதை ஆராய்ந்து, மகிழ்ச்சிப் பாட்டுகளைவிடச் சோகப் பாட்டுகளே அதிகம் சிலிர்க்க வைக்கின்றன என்று 1995இல் எழுதினார். தனித்து மேலெழும் ஒற்றைக் குரல், தொலைந்த குட்டியின் கூப்பாடாக நம் மூளைக்குள் கேட்கிறது என்பது அவர் ஊகம்.

பலமனேரை ஒட்டிய கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயத்துக்கு 1980களில் தமிழக, கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் வந்து சேர்ந்தன. யானைகளின் துக்கத்தைப் பற்றி நாம் அறிந்தது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சமே மனதை உலுக்கும். ஆப்பிரிக்க யானைகள் மற்ற விலங்குகளின் எலும்பைவிடத் தம் இனத்தின் மண்டையோட்டையும் தந்தத்தையும் நெடுநேரம் தடவிப் பார்க்கின்றன என்று கேரன் மெக்கோம்பின் குழு 2006இல் காட்டியது. இறந்த கன்றின் பக்கத்திலேயே தாய் நிற்பதை ஆசிய யானைகளிடமும் கண்டிருக்கிறார்கள். பிரிவுக்குக் குரல் கொடுப்பது மனிதனுக்கும் வெகு முந்திய பழக்கம். அந்தக் குரலுக்குச் சொல்லும் அடியும் கொடுத்து, தலைமுறை தாண்டிக் கைமாற்றியது மனிதன்.

சொல் என்ன செய்கிறது

ஒப்பாரியில் சொல் இரண்டு வேலை செய்கிறது. முதல் வேலை, பெயரிடுவது. மேத்யூ லீபர்மனின் குழு 2007இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தது. அச்சமோ கோபமோ காட்டும் ஒரு முகத்தைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னவர்களிடம், அபாய மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு தணிந்தது. நெற்றிக்குப் பின்னுள்ள வலப்பக்கக் கீழ்ப்பகுதி ஒன்று சுறுசுறுப்பானது. உணர்ச்சிக்குச் சொல் கிடைத்ததும் அது நம்மை ஆள்வது கொஞ்சம் குறைகிறது.

ஒப்பாரி சொல்லும் சொற்களைக் கவனியுங்கள். இறந்தவர் கட்டிய வீடு, உழுத காணி, வாங்கித் தந்த சேலை, நடந்த வழி, இனி யார் தன்னைத் தாய்வீட்டுக்கு அழைப்பார்கள் என்ற கேள்வி. எல்லாமே கைக்கு எட்டும் பொருள்கள். எல்வரமின் பாட்டுகளும் வீட்டுச் சாமான்களையும் தபாலையும் ஜன்னலையும்தான் பேசுகின்றன. மரணம் என்ற பெருவெளியை மனத்தால் பிடிக்க முடியாது. ஒரு சேலையைப் பிடிக்க முடியும்.

சொல்லின் இரண்டாவது வேலை, திறப்பது. வட தமிழகக் கிராமங்களில் ஒப்பாரியை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசெஸ் 2005இல் வெளியிட்ட நூலின் மையமே ஒரு வாக்குமூலம்தான். செத்தவருக்காக யாரும் அழுவதில்லை, அவரவர் குறையைச் சொல்லித்தான் அழுகிறோம் என்று பெண்கள் அவரிடம் சொன்னார்கள். இதைக் கேட்டு அழுகை பொய் என்று முடிவு கட்டக் கூடாது. யாரோ ஒருவர் வீட்டுப் பந்தலில் உட்காரும் பெண்ணுக்கு, பத்து ஆண்டுக்கு முன் போன தம்பி நினைவுக்கு வருகிறான். சிறு வயதில் கட்டிக்கொடுத்தது, குடிகாரக் கணவன், பிறந்து இறந்த பிள்ளை, எல்லாம் வருகின்றன. வேறெந்த நாளிலும் வாய்விட்டுச் சொல்ல இடம் தராத ஊர், அன்று ஒரு நாள் இடம் தருகிறது. படுகளத்தில் துரியோதனனுக்காகக் கலங்கும் கண்களுக்கும் இதுவே விளக்கம்.

வெளியார் வியக்கும் இன்னொன்றும் உண்டு. நெஞ்சில் அடித்து அழுத பெண், சற்று நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாயிற்றா என்று விசாரிப்பாள். அடுத்த உறவு வாசலில் கால் வைத்ததும் மறுபடி குரல் எழும். நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபேவும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் சொன்ன துக்கக் கோட்பாடு இந்தப் போக்குவரத்தைத்தான் ஆரோக்கியம் என்கிறது. இழப்பை நேருக்கு நேர் பார்ப்பது கொஞ்ச நேரம், அதை விட்டு விலகி வாழ்வின் வேலையைப் பார்ப்பது கொஞ்ச நேரம். இரண்டில் எதிலாவது நிரந்தரமாகத் தங்கிவிட்டால்தான் ஆபத்து. ஒப்பாரிக்குத் தொடக்கம் இருக்கிறது, அடி இருக்கிறது, நிறுத்தம் இருக்கிறது. தாங்க முடியாத ஒன்றை, ஒரு மூச்சுக்குத் தாங்கும் அளவாக அது பிரித்துக் கொடுக்கிறது.

மூச்சும் கூட்டமும்

மூச்சைப் பற்றிச் சொன்னது வெறும் அலங்காரம் இல்லை. விம்மி அழும்போது மூச்சு துண்டு துண்டாகிறது. பாடத் தொடங்கினால், ஓர் அடி முடியும் வரை காற்றை மெதுவாக விட்டே ஆக வேண்டும். நீண்டு வெளியேறும் மூச்சில் வேகஸ் என்ற நரம்பு இதயத்தின் ஓட்டத்தைத் தணிக்கிறது. லூசியானோ பெர்னார்டியின் குழு 2001இல், ஜெபமாலை சொல்பவர்களின் மூச்சும் மந்திரம் ஓதுபவர்களின் மூச்சும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்கு இறங்குவதையும், இதயமும் ரத்த அழுத்தமும் அந்த லயத்துக்கு இசைவதையும் கண்டது. 2013இல் ஸ்வீடனின் பியோர்ன் விக்ஹாஃப், சேர்ந்து பாடுபவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதை அளந்து காட்டினார். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குவதால் இப்படி நடக்கிறது.

இப்போது பந்தலில் பெண்கள் உட்காரும் விதத்தைப் பாருங்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையோடு தலை சாய்த்து, முன்னும் பின்னும் அசைந்து அழுகிறார்கள். ஒருத்தி அடி எடுத்தால் மற்றவர்கள் இழுவையில் சேர்ந்துகொள்கிறார்கள். தொடுதல், அசைவு, ஒரே மூச்சு, ஒரே சுருதி எல்லாம் அங்கே இருக்கின்றன. சேர்ந்து பாடுவது அந்நியர்களையும் விரைவில் நெருங்க வைக்கிறது என்று ராபின் டன்பாரின் ஆக்ஸ்ஃபோர்டு குழு காட்டியிருக்கிறது. ஹெட்போனில் தனியாகக் கேட்கும் தொகுப்பு, இன்னொருவருக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது என்ற துணையைத் தரும். நள்ளிரவில், ஊர் தூங்கிய பின், அது பெரிய துணை. தோளில் ஒரு கையை மட்டும் அதனால் போட முடியாது.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் கருமாதி நாளன்று இரவு ‘கர்ண மோட்சம்’ கூத்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. துக்க வீட்டார் தம் வீட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்து, கர்ணன் சாவதையும் அவன் மனைவி பொன்னுருவி அழுவதையும் விடியும் வரை பார்க்கிறார்கள். தம் துக்கத்தை வேறொருவர் உடலில் ஏற்றி, ஊரோடு சேர்ந்து பார்ப்பதற்கு நம் மக்கள் கண்டுபிடித்த வழி அது.

யாருடைய குரல்?

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். சாவு வீட்டில் பறை அடிக்கவும் ஒப்பாரி வைக்கவும் தலித் மக்களைச் சாதி கட்டாயப்படுத்தியது. மற்றவர் துக்கத்துக்குத் தம் தொண்டையைத் தந்தவர்கள், தம் துக்கத்தைச் சொல்ல ஊருக்குள் நுழைய முடியாதவர்களாக இருந்தார்கள். மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக் 1980களில் ஆராய்ந்த அழுகைப் பாடல்களில் ஒதுக்கப்பட்ட பெண்களின் முறையீடு ஓங்கிக் கேட்பது தற்செயல் இல்லை. கட்டாயத்தை எதிர்த்து இந்தக் கலையையே விட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முடிவில் முழு நியாயம் இருக்கிறது. அதே குரலைத் தம் விருப்பத்தோடு மேடையேற்றுபவர்களும் இருக்கிறார்கள். வடசென்னையின் சாவு வீடுகளில் வளர்ந்த கானா இன்று மேடைகளில் ஒலிக்கிறது. 2021இல் பாடகர்கள் தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’யில், இலங்கைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவு நிலமிழந்தவர்களின் ஒப்பாரியாக உலகம் சுற்றியது.

இதற்கு நடுவே இழவு வீட்டின் அழுகை இயந்திரத்துக்குப் போய்விட்டது. முதலில் ஒப்பாரி கேசட் வந்தது, இப்போது செல்போனிலிருந்து ஒலிபெருக்கிக்கு நேராகப் பாட்டு போகிறது. பதிவு செய்த ஒப்பாரிக்கும் ஒரு பயன் உண்டு, மறந்துபோன அடிகள் அதில் தங்கியிருக்கும். ஆனால் இந்தக் கட்டுரையில் நாம் பார்த்த வேலைகளை எண்ணிப் பாருங்கள். மூச்சை ஒழுங்காக்குவது, சொந்த இழப்புக்குப் பெயரிடுவது, தோளோடு தோள் அசைவது. இவை எல்லாம் பாடுபவரின் உடலில் நடக்கின்றன. ஒலிபெருக்கி நமக்காக அழுதால், அந்தப் பயன் ஒலிபெருக்கிக்குப் போய்ச் சேராது, நமக்கும் கிடைக்காது.

எல்லைக்கு இரண்டு பக்கமும், தெலுங்கிலும் தமிழிலும், அடி கட்டி அழத் தெரிந்த மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கலைஞர்களாக மதித்து, உரிய ஊதியம் தந்து, பெயரோடு பதிவு செய்ய வேண்டும். அதைவிட முக்கியமான வேலை ஒன்று நம் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. ஆண்பிள்ளை அழக் கூடாது, படித்தவர்கள் சத்தம் போடக் கூடாது என்று இழவு வீட்டில் வாயடைப்பதை நிறுத்துவது. அழுபவரைச் சும்மா இரு என்று அடக்குபவர் ஆறுதல் சொல்வதாகத்தான் நினைக்கிறார். உண்மையில், துணை கேட்டு எழும் மிகப் பழைய அழைப்பு ஒன்றை அவர் பாதியில் துண்டிக்கிறார். அழ விடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், சொல்வதைக் கேளுங்கள். உங்களுக்கும் அழுகை வந்தால் அழுங்கள். துக்கத்துக்கு மனித இனம் கண்டுபிடித்த மருத்துவங்களில் இதுவே மிகப் பழையது, இதற்கு மாற்று இன்னும் வரவில்லை.